கடுகு விதையும் கேதுரு மரமும்

விவிலிய நூலைக் கையால் தொட்டிராதவர்களும் அறிந்திருக்கும் உவமைகள் சில உண்டு. ஊதாரி மைந்தன் உவமை அவற்றுள் ஒன்று. நல்ல சமாரியன் உவமை மற்றொன்று. கடுகு விதை உவமை பிறிதொன்று. சிறிதாகத் தொடங்கிய பணியொன்று பெரிதாக வளர்ந்ததைப் பாராட்ட எழுகின்ற பேச்சாளர், தாம் எச்சமயத்தவராயினும், இவ்வுவமையைக் கையாளத் தயங்குவதில்லை. கடுகளவு நம்பிக்கை மலையைப் பெயர்க்கும் என்னும் கருத்தோ, அதன் பிறப்பிடம் மறந்துபோகும் அளவுக்கு நம் மேடைத் தமிழில் கலந்துவிட்டது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்ற நம் பழமொழியின் பக்கத்தில் அது எளிதாக இடம் பிடித்துக்கொண்டது.

பழகிய பொருளை நாம் உற்று நோக்குவதில்லை. சிறிய தொடக்கம், பெரிய முடிவு என்று பொருள் கூறிவிட்டு இவ்வுவமையைக் கடந்து போகிறோம். அவ்வளவே கருத்தென்றால், கடுகைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்ற வினா நமக்கு எழுந்திருக்க வேண்டும். இயேசு பெருமான் பேசிய நாட்டுக்கு வடக்கே, லெபனோன் மலையில் கேதுரு மரங்கள் வானளாவி நின்றன. கலிலேயாவிலேயே கருவாலி மரம் இருந்தது; பல நூறாண்டு வாழும் ஒலிவ மரம் இருந்தது; ஊர்தோறும் அத்தி மரம் இருந்தது. இவற்றின் விதைகளும் இம்மரங்களை நோக்கச் சிறியனவே. இவை அனைத்தையும் விடுத்து, ஓராண்டு கூட நிலைக்காத கறிச்செடி ஒன்றை அவர் கையில் எடுத்தார். இத்தேர்வில்தான் உவமையின் உயிர் இருக்கிறது என்பது என் துணிபு.

முதலில் ஏடுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். மாற்கு, மத்தேயு, லூக்கா ஆகிய மூவரும் தத்தம் நற்செய்தி நூல்களில் இவ்வுவமையைத் தந்துள்ளனர். மாற்கின் நூல் கி.பி. 70ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்டது என்றும், மற்ற இரண்டும் அதற்குப் பத்து இருபது ஆண்டுகள் பிற்பட்டவை என்றும் ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்வர். கதை ஒன்றே, சொல்லும் முறையில் வேறுபாடு உண்டு. மாற்கில் விதை நிலத்தில் இடப்படுகிறது. மத்தேயுவில் ஒருவன் தன் வயலில் விதைக்கிறான். லூக்காவிலோ தன் தோட்டத்தில் இடுகிறான். வளர்ந்த பின்னர் அது கறிச்செடிகள் எல்லாவற்றிலும் பெரிதாகிறது என்பதோடு மாற்கு நிறுத்திக்கொள்கிறார். பறவைகள் அதன் நிழலில் தங்குகின்றன. மத்தேயுவும் லூக்காவும் ஒருபடி மேலே சென்று, அது மரமாகிறது என்கின்றனர். பறவைகள் கிளைகளில் அடைகின்றன. 1945ஆம் ஆண்டு எகிப்து நாட்டில் நாக் அம்மாடி என்னும் ஊருக்கருகே மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பழஞ்சுவடிகளுள் தோமா நற்செய்தி என ஒன்று உண்டு. காப்டிக் மொழியில் அமைந்த அந்நூலிலும் இவ்வுவமை இருக்கிறது. அங்கும் மரம் இல்லை. பெரிய கிளையொன்று விட்டு வானத்துப் பறவைகளுக்கு அது புகலிடமாகிறது என்ற அளவோடு முடிகிறது.

ஆக, செடி எப்போது மரமாயிற்று? வாய்மொழியாக வழங்கிய கதையில் செடியாகவே இருந்தது, ஏட்டில் ஏறும்போது மரமாக வளர்ந்தது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. கேட்டவர்களுக்கு மரமே வேண்டியிருந்தது போலும்! இந்த ஆவல் பின்னும் பல நூற்றாண்டுகள் தொடர்ந்ததைப் பிறகு காண்போம்.

பாலத்தீன நாட்டில் விளைந்த கடுகு கருங்கடுகு இனத்தது. பிராசிகா நைக்ரா என்று நிலைத்திணை நூலார் குறிப்பது அதனைத்தான். விதையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். நம் வீடுகளில் தாளிக்கப் பயன்படும் கடுகின் செடியை மட்டுமே கண்டவர்க்கு, அதன்மேல் பறவை அமர்வது நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். ஆனால் கலிலேயக் கடலோரத்தின் வளமான மண்ணில் கருங்கடுகு எட்டடி பத்தடி உயரம் வரையில் கிளைத்து நிற்கும். இளவேனிலில் மஞ்சள் பூத்து, கோடையில் காய் முற்றி உலரும்போது, விதை கொறிக்கும் சிறு குருவிகள் அதன்மேல் வந்து மொய்க்கும். எனவே பறவைகள் வருவதில் மிகை ஏதுமில்லை. மரம் என்பதில்தான் மிகை உண்டு.

விதைகள் எல்லாவற்றிலும் கடுகே சிறியது என்று சொல்லியிருப்பதைப் பிடித்துக்கொண்டு வழக்காடுவோரும் உளர். ஆர்க்கிட் மலரின் விதை தூசியினும் நுண்ணியது என்பது மலர் வளர்க்கும் எவருக்கும் தெரியும். இது வீண் வழக்கு. கடுகளவு என்பது செமித்திய மொழிகள் பேசிய மக்களிடையே மிகச் சிறியதைக் குறிக்கும் வழக்காறு. யூதர்களின் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா நூலில் மிகச் சிறிய அளவைச் சொல்ல வேண்டியபோது கடுகு வருகிறது. இறுதித் தீர்ப்பு நாளில் மனிதர் செய்த செயல்களுள் கடுகின் எடையளவும் விடுபடாது நிறுக்கப்படும் என்று திருக்குர்ஆனும் அதே உவமானத்தை ஆள்கிறது. தமிழில் நாம் தினையையும் பனையையும் அருகருகே நிறுத்திச் சிறுமை பெருமை காட்டுவதைப் போன்றதே இது. தினையைவிடச் சிறிய தானியம் உண்டென்று கூறித் திருவள்ளுவரோடு எவரும் வாதிடுவதில்லை.

இனி, உவமை பிறந்த காலத்துக்கு வருவோம். கி.மு. 4ஆம் ஆண்டில் மன்னன் ஏரோது இறந்ததும் நாடெங்கும் கலகம் மூண்டது. கலிலேயாவில் செப்போரி நகரின் படைக்கலச் சாலையைக் கலகக்காரர் கைப்பற்றினர். சிரியாவிலிருந்து வந்த உரோமைத் தளபதி வாருசின் படைகள் அந்நகரை எரித்து மக்களை அடிமைகளாக விற்றதாகவும், வாருசு ஏறத்தாழ 2,000 பேரைச் சிலுவையில் அறைந்ததாகவும் வரலாற்றாசிரியர் யொசேபசு எழுதியுள்ளார். செப்போரி, நாசரேத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் தொலைவுதான். கி.பி. 6இல் உரோமை அரசு வரி விதிப்பதற்காகக் குடிக்கணக்கு எடுத்தபோது, கலிலேயனாகிய யூதாசு என்பவன் கடவுளன்றி வேறு தலைவர் இல்லை என முழங்கி மக்களைத் திரட்டினான். ஏரோதின் மகன் அந்திப்பா, எரிந்த செப்போரியை மீண்டும் எழிலுறக் கட்டினான், கி.பி. 20ஐ ஒட்டிக் கடலோரத்தில் திபேரியா என்னும் புதுநகர் ஒன்றை எழுப்பி, உரோமைப் பேரரசன் பெயரையே அதற்கு இட்டான். கட்டியவன் அவன், அதற்கான வரி வயலிலிருந்தும் மீன்பிடி வலையிலிருந்தும் போயிற்று.

இத்தகைய நாட்டில் அரசு என்னும் சொல் அச்சத்தையும் ஏக்கத்தையும் ஒருங்கே எழுப்பும் சொல்லாகும். கடவுளின் அரசு எதைப் போன்றது என்று ஒருவர் பேசத் தொடங்கினால், கேட்போர் காதைத் தீட்டிக்கொள்ளாதிருப்பரோ? அடுத்து வரவேண்டிய உவமானமும் அவர்கள் நெஞ்சில் முன்னரே இருந்தது. அதுதான் கேதுரு மரம்.

யூதர்களின் மறைநூல்களில் பேரரசு என்றால் பெருமரம். இறைவாக்கினர் எசேக்கியேல் அசீரியப் பேரரசை லெபனோன் கேதுருவாகப் பாடினார்; வானத்துப் பறவைகள் எல்லாம் அதன் கிளைகளில் கூடு கட்டின; பின்னர் அது வெட்டி வீழ்த்தப்பட்டது. தானியேல் நூலில் பாபிலோன் மன்னன் நெபுகத்நேசர் கனவில் கண்ட மரம் விண்ணைத் தொட்டது, அதன் நிழலில் விலங்குகள் ஒதுங்கின, கிளைகளில் பறவைகள் தங்கின, அதுவும் வெட்டுண்டது. அந்நிய அரசுகளின் மரங்கள் வீழ்ந்தபின் நம் மரம் எழும் என்பது இசுரயேலின் நம்பிக்கை. அதற்கும் எசேக்கியேலிலேயே சான்று உண்டு. கேதுருவின் உச்சிக் கொழுந்து ஒன்றைக் கடவுளே கிள்ளி எடுத்து இசுரயேலின் உயர்ந்த மலைமேல் நடுவார். அது பெரிய கேதுருவாகும். எல்லா வகைப் பறவைகளும் அதில் வந்து தங்கும்.

கடுகு உவமையின் இறுதியில் பறவைகள் வந்து தங்குவது இந்தப் பழைய பாடல்களின் எதிரொலியே என்பதில் ஐயமில்லை. பறவைகள் என்ற சொல்லைக் கேட்டவுடன் கலிலேய உழவர்க்குக் கேதுரு நினைவுக்கு வந்திருக்கும். ஆனால் அவர்கள்முன் நின்றதோ தோட்டத்துக் கடுகுச் செடி! மலையுச்சி இல்லை, கேதுரு இல்லை, கடவுள் கிள்ளி நட்ட கொழுந்து இல்லை. பெயரற்ற ஒருவன் தன் நிலத்தில் போட்ட ஒரு விதை. பேரரசுகளுக்கு உரிய உவமானத்தின் கடைசி அடியை மட்டும் வைத்துக்கொண்டு, முன்னடிகளை எல்லாம் மாற்றிவிட்டார் அவர். கேட்டவர்களுள் சிலர் சிரித்திருப்பர்; சிலர் ஏமாந்திருப்பர்; உரோமைக்கு ஒற்று வேலை பார்த்தவன் எவனேனும் அங்கு நின்றிருந்தால், குற்றமாகக் குறித்துக்கொள்ள அவனுக்கு ஒன்றும் கிடைத்திராது.

கடுகின் இயல்பையும் இங்குக் கருத வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமை அறிஞர் பிளினி, தம் இயற்கை வரலாற்று நூலில் கடுகைப் பற்றி எழுதியுள்ளார். மருந்துக்கு உகந்தது, தானாகவே முளைப்பது, ஒருமுறை விதைத்த இடத்திலிருந்து அதை அகற்றுவது அரிது, ஏனெனில் விழுந்த விதை உடனே முளைத்துவிடும் என்பது அவர் கூற்று. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா நூலிலோ, தோட்டப் பாத்தியில் விதைக்கத் தகாதவற்றுள் கடுகும் சேர்க்கப்பட்டுள்ளது. வகை வகையாகப் பிரித்துப் பயிரிட வேண்டும், கலக்கக் கூடாது என்பது அச்சட்டத்தின் நோக்கம், கடுகோ வரம்பறியாதது. மிஷ்னா இருநூறு ஆண்டுகள் பிற்பட்டதாதலின், இயேசு காலத்திலேயே இவ்விதி கலிலேயாவில் நடைமுறையில் இருந்தது என்று அறுதியிட்டுக் கூறுவது தவறு. 1991இல் வெளிவந்த தம் நூலில் அமெரிக்க ஆய்வாளர் ஜான் டொமினிக் கிராசன், கடவுளின் அரசு ஒரு களையைப் போன்றது என்ற அளவுக்கு இக்கருத்தை வலியுறுத்தினார். அது சற்று மிகை என்றே எனக்குப் படுகிறது. மக்கள் விரும்பி வளர்த்த கறிச்செடியை வெறும் களையென்று தள்ளிவிட முடியாது. ஆயினும் இட்ட இடத்தில் அடங்கி நில்லாத செடி இது என்பதை அக்கால உழவன் எவனும் அறிவான்.

மத்தேயுவும் லூக்காவும் இவ்வுவமையை அடுத்தே மற்றொன்றை வைத்துள்ளனர். ஒரு பெண் மூன்று மரக்கால் மாவில் சிறிது புளிப்பு மாவை மறைத்து வைக்கிறாள். மாவு முழுவதும் புளிக்கிறது. பழைய அளவுப்படி அம்மாவு முப்பத்தைந்து லிட்டருக்கு மேல் வரும். ஒரு வீட்டுக்கு அன்று, ஓர் ஊருக்கே அப்பம் சுடப் போதுமானது. பாசுகா விழாவின்போது வீட்டில் இருக்கவே கூடாது என விலக்கப்பட்ட புளிப்பையும், பாத்திக்கு அடங்காத கடுகையும் இணையாக வைத்தது தற்செயலாக இருக்க முடியாது. முன்னதில் செய்பவன் உழவன்; பின்னதில் செய்பவள் அடுக்களைப் பெண். அரசனும் குருவும் இரண்டிலும் இல்லை.

நம்பிக்கையைப் பற்றிய கூற்று வேறிடத்தில் வருவது. மத்தேயுவில், வலிப்பு நோயால் வருந்திய சிறுவனைக் குணமாக்க முடியாது போன சீடர்கள், தனியே வந்து காரணம் கேட்கின்றனர். நம்பிக்கைக் குறைவுதான் காரணம் என்று கூறிய அதே மூச்சில், கடுகளவு இருந்தால் மலையும் பெயரும் என்கிறார் ஆசான். லூக்காவில் சீடர்கள், எங்கள் நம்பிக்கையைப் பெருக்கும் என்று வேண்டுகின்றனர். அங்கும் விடை கடுகுதான், ஆனால் பெயர்வது மலையன்று, மரம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அம்மரத்தைக் காட்டத்தி என்கிறது. கிரேக்கச் சொல் முசுக்கட்டை மரத்தைக் குறிப்பது. அது நிற்க. இரண்டு இடத்திலும் கேள்வி அளவைப் பற்றியது. விடையோ அளவைப் பொருட்படுத்த மறுப்பது. அதிகம் தா என்று கேட்டவர்களுக்கு, இதைவிடக் குறைவாக எதுவும் இல்லை எனும்படியான ஒன்றைக் காட்டி, இது போதும் என்றார். இதனைச் சிறு நம்பிக்கை நாளடைவில் பெருநம்பிக்கையாக வளரும் என்று விரித்துரைப்பது, சீடர்கள் செய்த பிழையையே மீண்டும் செய்வதாகும். மலையைப் பெயர்ப்பது என்பதும் அக்கால யூதர் பேச்சில் அரிய செயலுக்கு வழங்கிய மரபுத் தொடர். சிக்கலான சட்ட நுட்பங்களை அவிழ்த்த அறிஞரை மலைகளைப் பெயர்ப்பவர் என்றே தால்முது நூல் போற்றுகிறது.

உவமையின் பிற்கால வரலாறு, செடியை மரமாக்கிய வரலாறே. தொடக்கத்தில் துன்புற்ற சபையாருக்குக் கடுகின் காரமே பெரிதாகப் பட்டது. நான்காம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயராக விளங்கிய அம்புரோசு, தம் நகரின் மறைச்சாட்சியராகிய பெலிக்சு, நாபோர், விக்டர் மூவரையும் கடுகு மணிகள் என்றார். கடுகு நசுக்கப்பட்ட பிறகுதானே அதன் காரம் வெளிப்படுகிறது என்பது அவர் நயம். இது வளர்ச்சியைப் பற்றிய விளக்கமே அன்று. ஆனால் அம்புரோசின் காலத்துக்குள்ளேயே நிலைமை மாறிவிட்டது. 313இல் கிறித்தவத்துக்குச் சட்ட உரிமை கிடைத்தது. 380இல் பேரரசன் தியோடோசியசு அதனையே பேரரசின் சமயமாக்கினான். அந்தியோக்கியாவில் மத்தேயு நற்செய்தியை விளக்கி உரையாற்றிய யோவான் கிறிசோஸ்தோம், எளியவரிலும் எளியவராயிருந்த சீடர்களின் ஆற்றல் உலகெங்கும் பரவியமையே இவ்வுவமையின் பொருள் என்றார். அன்றைய நாளில் அது கண்கூடாகத் தெரிந்த உண்மை. ஆயினும் சிலுவையில் அறைந்த அதே அரசின் நிழலில் நின்றுகொண்டு கடுகு மரமாகிவிட்டது என்று மகிழ்ந்தபோது, கேதுருவை மறுக்கப் பிறந்த உவமை கேதுருவுக்கே சான்றாகிப் போனது.

இதற்கு எதிர்க்குரலும் எழாமல் இல்லை. பிற்கால விளக்கவுரையாளர் சிலர், செடி மரமானது இயற்கைக்கு மாறான வீக்கம் என்றும், கிளைகளில் அடைந்த பறவைகள் தீமையின் சின்னம் என்றும் உரைத்தனர். விதைப்பவன் உவமையில் விதையைத் தின்னும் பறவைகள் அலகையைக் குறிப்பதால் இங்கும் அவ்வாறே கொள்ள வேண்டுமாம்! எசேக்கியேலை அறவே மறந்த விளக்கம் இது. எனினும், பெருத்த சபையைக் கண்டு அஞ்சிய மனத்தின் குரல் அதில் கேட்கிறது. 1935இல் ஆங்கில அறிஞர் டாடு, 1947இல் செருமானிய அறிஞர் எரேமியாசு ஆகியோர் உவமைகளைக் கலிலேய மண்ணில் மீண்டும் நிறுத்திப் பார்த்த பிறகே, கடுகு கடுகாகத் தெரியத் தொடங்கியது.

தமிழர்க்கு இவ்விடத்தில் வெற்றிவேற்கை நினைவுக்கு வரும். அதிவீரராம பாண்டியர் அந்நூலில் ஆலம்விதையைப் பேசுகிறார். மீன் முட்டையினும் நுண்ணிய அவ்விதை முளைத்துப் பெருமரமாகி, யானை, தேர், குதிரை, காலாள் என நால்வகைப் படையோடு வரும் மன்னனுக்கும் நிழல் தரும். பெரிய விதையிலிருந்து எழும் பனையோ ஒருவர் ஒதுங்கவும் நிழல் தராது என்பது அவர் காட்டும் வேறுபாடு. உருவத்தை அன்று, நிழலையே அளவுகோலாகக் கொண்டது பாண்டியரின் சிறப்பு. கடுகு உவமையும் நிழலில்தான் முடிகிறது. எத்தனை அடி உயர்ந்தது என்பதில் முடியவில்லை. ஆனால் ஆலின் நிழலில் படையோடு அரசன் தங்குகிறான். கடுகின் நிழலில் குருவிகள் தங்குகின்றன. பாடியவர் அரசர், உவமை சொன்னவர் தச்சர். இரண்டையும் ஒன்றெனச் சொல்லும் மேடைப்பேச்சு இரண்டுக்கும் நீதி செய்வதாகாது.

மற்றொன்று. ஆலும் கேதுருவும் பல நூறாண்டு நிற்பவை. கடுகுச் செடி கோடையில் காய்ந்து மடிவது. அடுத்த ஆண்டு மீண்டும் விதையிலிருந்தே தொடங்க வேண்டும். லெபனோன் கேதுருக் காடுகள் அரண்மனைக்கும் கோயிலுக்கும் கப்பலுக்குமாக வெட்டுண்டு, உரோமைப் பேரரசன் அதிரியன் காலத்திலேயே பாறைகளில் எல்லைக் கல்வெட்டுப் பொறித்துக் காக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டன. இன்று எஞ்சி நிற்கும் தோப்புகளுள் ஒன்று 1998 முதல் உலக மரபுச் செல்வமாக யுனெசுகோவால் பேணப்படுகிறது. கடுகுக்கு அத்தகைய காவல் எதுவும் தேவைப்படவில்லை.

இவ்வுவமை தமிழில் அச்சேறிய கதையும் இதனோடு தொடர்புடையதே. தென்மார்க்கு மன்னன் நான்காம் பிரடரிக்கு அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, என்றிக்கு புளூச்சோ என்னும் இரு செருமானிய இளைஞர்கள் 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். அங்கிருந்த தென்மார்க்கு வணிகக் குழுவின் அதிகாரிகளே அவர்களை வரவேற்கவில்லை. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதிச் சீகன்பால்கு தமிழ் கற்றார். 1707 மே 12ஆம் நாள் முதன்முதலாகத் திருமுழுக்குப் பெற்றவர் ஐவர். ஐவரும் ஐரோப்பியர் வீட்டு அடிமைகள். 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கிய அவரை அவ்வாண்டின் இறுதியில் கோட்டைத் தலைவன் சிறையிலிட்டான். நான்கு மாதம் கழித்தே விடுதலை கிடைத்தது. 1711இல் பணி முடிந்தது. இலண்டனிலிருந்து அச்சுப்பொறி வந்தது. தமிழ் எழுத்துகள் செருமனியின் ஆல்லே நகரில் வார்க்கப்பட்டு வந்தன. அவை அளவில் பெரியனவாகித் தாளை விழுங்கியதால், பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தனர்; பாலாடைக்கட்டியைப் பொதிந்து வந்த ஈயத் தகடுகளை உருக்கியே அவ்வார்ப்பு நடந்தது என்பர். 1714இல் நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தன. இந்திய மொழியொன்றில் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது அதுவே முதன்முறை.

அப்பணிக்குப் பின்வந்தோர் பலமுறை திருத்தம் செய்தனர். புரோட்டஸ்டண்டு சபையாரின் பழைய மொழிபெயர்ப்பில் கடுகு எல்லாப் பூண்டுகளிலும் பெரிதாகிறது. பூண்டு என்றால் இன்றைய வாசகருக்கு உள்ளிதான் நினைவுக்கு வரும். புல் பூண்டு என்னும் வழக்கில் உள்ள பழம்பொருளே அங்குக் கொள்ளத் தக்கது. கறிச்செடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு அது பொருந்திய தமிழ். 1995இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் இணைந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு அதனைச் செடி என்று எளிமையாக்கியது. அதுபோலவே விசுவாசம் நம்பிக்கையாயிற்று. தேவனுடைய இராச்சியம் இறையாட்சியாயிற்று. கடைசி மாற்றம் வெறும் வடசொல் நீக்கம் அன்று. இராச்சியம் என்றால் எல்லையுள்ள நிலப்பரப்பு கண்முன் வருகிறது. ஆட்சி என்றால் நடக்கின்ற செயல் தோன்றுகிறது. உவமை சொன்னது செயலைப் பற்றியே.

சீகன்பால்கு 1719ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் தம் முப்பத்தாறாம் வயதில் மறைந்தார். அப்போது தரங்கம்பாடிச் சபையில் இருந்தோர் சில நூறு பேர். அவரை அனுப்பியவர்கள் எண்ணிக்கையையே எதிர்பார்த்தனர். அவரோ தமிழ் ஏடுகளைத் தேடித் திரட்டி, 1708ஆம் ஆண்டிலேயே நூற்றுக்கு மேற்பட்ட நூல்களுக்குக் குறிப்புரையோடு அட்டவணை எழுதினார். 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களின் வரலாற்றை, சிவன் திருமால் தொடங்கி ஐயனார், மாரியம்மன் முதலிய ஊர்த் தெய்வங்கள் வரையில், தமிழர் வாயிலாகக் கேட்டும் தமிழ் நூல்களைக் கற்றும் விரிவாக எழுதி ஆல்லேக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரியவர் பிராங்கே அதனை அச்சிட மறுத்தார். புறச்சமயத்தை வேரறுக்கவே அனுப்பினோம், அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அன்று என்பது அவர் எண்ணம். கையெழுத்துப்படி பேழையில் கிடந்தது. 1867ஆம் ஆண்டு, எழுதி நூற்றைம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, செருமன் என்னும் மறைப்பணியாளர் அதனைச் சென்னையில் அச்சிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் எவ்வூரில் எத்தெய்வத்துக்கு என்ன படையல், எந்த நூலை எவர் ஓதினர் என்று அறிய விரும்புவோர், அவர் எச்சமயத்தவராயினும், இன்று அந்நூலைத்தான் தேடிச் செல்கின்றனர்.